தறிச் சத்தத்தால பிரஷர் ஏறுமாங்க?

தறிக்காரர் மகன்:
வணக்கம்ங்க. எங்கப்பா குமாரபாளையத்துல நாடா தறி (ஊடு நூல் வச்ச நாடா கட்டை அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுற விசைத்தறி) ஓட்டுறாரு, வயசு 51, பன்னெண்டு மணி நேர ஷிப்ட், ஒரு வாரம் பகல் ஒரு வாரம் ராத்திரி. பீடி தண்ணி எதுவும் கிடையாது, ஆளும் ஒல்லி, போன மாசம் தலை சுத்துதுன்னு கூட்டிட்டுப் போனா பிரஷர் 160/100 காட்டுது. டாக்டர் உப்பைக் குறைங்க, டென்ஷன் ஆகாதீங்கன்னு மாத்திரை எழுதிட்டாரு, என்ன வேலைன்னு கூட கேக்கல. பட்டறைக்குள்ள எல்லாம் வாயசைவும் கை ஜாடையும்தான், வீட்டுக்கு வந்து அவர் டிவி போட்டா தெருமுனைக்கு கேக்கும். காது போகும்னு தெரியும், பிரஷருமா? கேட்டா "பழகிருச்சுடா, எனக்கு சத்தமே தெரியறதில்ல"ங்கிறாரு.

மில் சேஃப்டி:
தம்பி, தெரியலைங்கிறாரே தவிர உடம்பு ஒவ்வொரு ஷிப்ட்லயும் அதுக்கு பதில் சொல்லிட்டுதான் இருக்கும். பெரிய சத்தம்னா மூளைக்கு ஆபத்துன்னு அர்த்தம், உடனே அட்ரினலின், கார்ட்டிசால் எல்லாம் சுரக்கும், ரத்தக்குழாய் சுருங்கும், துடிப்பு கூடும். கொஞ்ச நேரம்னா இறங்கிரும், வருசக்கணக்குல தினமும் ஏறி இறங்கினா ஏறினது அப்படியே நின்னுக்கலாம். நாடா தறியில பிக்கிங் ஸ்டிக் நிமிசத்துக்கு நூறு தடவைக்கு மேல நாடாவை அடிக்குது, அந்த மாதிரி நாப்பது தறி ஒரே கூரைக்குள்ள, அதுவும் தகர கூரை!

நம்ம ஃபேக்டரி ரூல்ஸ்ல சத்த அளவு 90 டெசிபல்னா 8 மணி நேரம், 95னா 4, 100னா 2 மணி நேரம்தான் நிக்கலாம். அமெரிக்காவுல நியாஷ்னு தொழிலாளர் பாதுகாப்பை ஆராயுற அரசு அமைப்பு சொல்ற கணக்குல 100 டெசிபலுக்கு 15 நிமிசம்தான். நாடா தறி பட்டறையில 100 பக்கத்துல வர்றது சர்வ சாதாரணம், அதுல உங்கப்பா பன்னெண்டு மணி நேரம்.

சும்மா ஒரு ஆளு:
சத்தம் கெடுதல்தான், இல்லைங்கல, ஆனா எல்லாத்தையும் அது தலையில கட்டாதீங்க. உலக சுகாதார நிறுவனமும் ஐஎல்ஓங்கிற சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல இருக்கிற ஆராய்ச்சி எல்லாத்தையும் அலசிப் பாத்துட்டு, வேலையிட சத்தத்தால பிரஷர், ஸ்ட்ரோக் வருதுன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் பத்தலைன்னுதான் சொன்னாங்க. வாரம் மாத்தி ராத்திரி ஷிப்ட், தூக்கம் கெட்டு, புழுக்கம், மீட்டர் கணக்குல கூலி, பாவு நூல் (நீளவாட்டு நூல்) அறுந்தா கூலியில பிடித்தம், இதெல்லாம் பிரஷர் ஏத்தாதா? இதுல சத்தத்தை மட்டும் எப்படிங்க தனியா பிரிக்கிறது.

நர்ஸக்கா:
மேல சொன்னவர் சொல்றது சரிதான், பிரிக்கிறது கஷ்டம். ஆனா ஆதாரம் பத்தலைன்னா ஒண்ணும் இல்லைன்னு ஆகிராது. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மர மில்லுங்க 14ல வேலை பாத்த 27 ஆயிரத்துக்கு மேல பேரை ஆராய்ஞ்சு 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு, சத்தத்துல ரொம்ப வருசம் நின்னவங்களுக்கு மாரடைப்பு சாவு கூட இருந்துச்சு, காதுக்கு எதுவும் போடாதவங்க கூட்டத்துலதான் அது இன்னும் நல்லா தெரிஞ்சுது. 2018ல நியாஷ் ஆளுங்க போட்ட கணக்குல அமெரிக்க தொழிலாளிங்களோட பிரஷர் கேஸ்ல 14 சதவீதம் வேலையிட சத்தத்தோட சம்பந்தப்பட்டதா இருக்கலாம்னு வந்துச்சு.

மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க. வீட்டுக்கு ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வேலை நாள்லயும் லீவு நாள்லயும் எடுத்து எழுதி வைங்க, டீ குடிச்ச உடனே வேணாம், அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு எடுக்கணும். ஈஎஸ்ஐ இருந்தா காது டெஸ்ட்டும் கேளுங்க, சத்தத்தால காது போறது தொழில் நோய் லிஸ்ட்லயே இருக்கு.

பள்ளிபாளையம் தறி:
நானும் தறிதான் ஓட்டுறேன். பஞ்சு அடைக்கிறதெல்லாம் பிரயோஜனமில்லீங்க, ஸ்பாஞ்சு மாதிரி இருக்கிற இயர் ப்ளக் வாங்குங்க, அதை சுத்தமான விரல்ல மெல்லிசா உருட்டி, இன்னொரு கையை தலைக்கு மேல சுத்திக் கொண்டுவந்து காதை மேல இழுத்துப் புடிச்சு உள்ள விட்டு அரை நிமிசம் அழுத்தி வைக்கணும், சும்மா சொருகினா பாதி கூட தடுக்காது. மொதல்ல எனக்கும் தறி சத்தம் மாறினா தெரியாதேன்னு பயம், ஆனா நாடா பெட்டி லூஸ் ஆனா ப்ளக்கோடவே தெரியுது. நாடாவைத் தள்ளுற பிக்கர் தேஞ்சிருந்தா மாத்தி போல்ட் எல்லாம் முறுக்கினாலே சத்தம் குறையும், முதலாளிகிட்ட அதைச் சொன்னா "தறி ஓடுதில்ல"ம்பாரு, அது வேற கதை.

தறிக்காரர் மகன்:
நன்றிங்க எல்லாருக்கும். மிஷின் வாங்கியாச்சு, ஞாயித்துக்கிழமை காலையில 138/86, புதன்கிழமை ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் 154/94. ப்ளக் வாங்கிக் குடுத்தேன், வியர்வையில அரிக்குதுன்னு டீ டைம்ல கழட்டினவரு திருப்பி போடலையாம்.

சும்மா ஒரு ஆளு:
ஞாயிறு தூங்கி எந்திரிச்சு எடுத்தது, புதன் களைச்சு வந்து எடுத்தது, ரெண்டையும் ஒப்பிட முடியாதுங்க. தினமும் ஒரே நேரத்துல எடுங்க, பகல் ஷிப்ட் வாரம் ராத்திரி ஷிப்ட் வாரம்னு தனித்தனியா எழுதுங்க. அப்புறம் அந்த நோட்டைக் காட்டும்போது என்ன வேலைன்னு டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லிருங்க.