புத் சர்க்யூட்டில் இனி பெரிய ரேஸ் நடக்குமா, இல்லை வெறும் நிலமாகப் போய்விடுமா?

நொய்டா_மதுரைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் மதுரை, வேலைக்காக கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறேன். யமுனா எக்ஸ்பிரஸ்வே வழியாகப் போகும்போதெல்லாம் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்ற ரேஸ் டிராக்கைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டது. ஃபார்முலா ஒன் கார் ரேஸ் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பைக் உலகப் போட்டியான மோட்டோ ஜிபி வந்தபோது டிக்கெட் வாங்கக் கையில் காசில்லை. இப்போது ஆர்சி 390 பைக் இருக்கிறது, கொஞ்சம் காசும் இருக்கிறது, ஆனால் ரேஸ்தான் இல்லை.

சரி, காசு கட்டி நம் வண்டியையே டிராக்கில் ஓட்டும் டிராக் டேயிலாவது ஓட்டலாம் என்று ஒரு ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்டினேன். தேதியை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். கேட்டால் "மேலே இன்னும் முடிவாகவில்லை சார்" என்கிறார்கள். மேலே என்றால் யார்? டிராக்கைக் கட்டிய ஜேபியா, யமுனா ஆணையமா, வங்கிகளா, அதானியா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய இடம் ஏன் இப்படி ஆனது? எஃப் ஒன் திரும்பி வரும் என்று அவ்வப்போது செய்தி வருகிறதே, அதை நம்பலாமா? என் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவா, பொறுத்திருக்கவா?

பச்சைக்கொடி (சென்னை):

தம்பி, 2011இல் அங்கே கொடி காட்டும் மார்ஷலாக நின்றவர்களில் நானும் ஒருவன். எங்களுக்குச் சம்பளம் கிடையாது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் வார இறுதிகளில் கொடி பிடித்துப் பழகிய பைத்தியங்கள் நாங்கள். பின்பக்க நேர்ப்பாதை முடியும் இடத்தில் எனக்கு வேலை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதையில் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வருகிற வண்டி, நம் கண்ணெதிரே பிரேக் பிடித்து வளைவுக்குள் திரும்பும். வி8 என்ஜின் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் அதிரும். பாதையை விட்டு ஒரு சக்கரம் வெளியே இறங்கினால் போதும், செம்மண் புழுதி எழுந்து அடுத்த வண்டியை மறைக்கும். முதல் நாள் காலைப் பயிற்சியில் ஒரு நாய் டிராக்குக்குள் ஓடி வந்து சிவப்புக்கொடி காட்ட வேண்டியதாயிற்று. உலகம் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த நாய் பிழைத்ததே என்றிருந்தது.

நம் ஊர்க் கதையும் அதில் உண்டு. சென்னைக்காரர் கருண் சந்தோக்குக்கு வெள்ளிக்கிழமைப் பயிற்சியோடு சரி, ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஹிஸ்பானியா என்ற நோஞ்சான் வண்டியை ஓட்டி 17ஆவதாக வந்தார். பெரிய வண்டிகள் பின்னால் வந்துகொண்டே இருக்க, வழிவிடச் சொல்லி அவருக்கு நீலக்கொடி காட்டிக் காட்டி எங்களுக்குக் கை வலித்தது. கொடியையும் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் "ஓட்டு ராசா" என்று கத்திக்கொண்டிருந்தோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த நிலைக்குக் காரணம் டிராக் இல்லை. ரேஸ் டிராக் வடிவமைப்பாளர் ஹெர்மன் டில்கே வரைந்த 5.125 கிலோமீட்டர் பாதை அது, ஓட்டுநர்களே பாராட்டினார்கள். தவறு கணக்கில் இருந்தது. போட்டி நடத்துவதற்கு ஜேபி கட்டிய உரிமக் கட்டணம் 4 கோடி டாலர். இது வதந்தி இல்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 200 கோடி ரூபாய். டிக்கெட் 2,500இல் தொடங்கி கிராண்ட்ஸ்டாண்டில் 35,000 வரை போனது. சராசரியாக 10,000 என்று தாராளமாகவே வைத்து, ஒரு லட்சம் பேர் வந்தார்கள் என்றே கணக்குப் போடுங்கள். 100 கோடி. கட்டணத்தில் பாதிதான் தேறுகிறது.

மீதியை விளம்பரத்தில் எடுக்கலாமே என்பீர்கள். டிராக்கைச் சுற்றி இருக்கும் பலகைகள், போட்டியின் பெயருக்கு முன்னால் வரும் கம்பெனிப் பெயர், தொலைக்காட்சி, எல்லாமே ஃபார்முலா ஒன் குழுமத்துக்குத்தான். ஒப்பந்தம் போட்ட கையோடு அந்த உரிமைகளை அவர்களுடைய இன்னொரு கம்பெனிக்கு ஜேபி எழுதிக் கொடுத்துவிட்டது. கல்யாணச் செலவு முழுக்க உங்களுடையது, மொய்க் கவர் மட்டும் வேறொருவர் பைக்கு, அப்படி ஒரு ஏற்பாடு. உலகத்தில் பெரும்பாலான சர்க்யூட்டுகளுக்கு இதே கதிதான். அங்கெல்லாம் ஊர் பெயர் வெளியே தெரியட்டும் என்று அரசாங்கம் கட்டணத்தைக் கட்டிவிடும். இங்கே கட்டியது ஒரு சிமென்ட், கட்டுமானக் கம்பெனி.

அரசாங்கத்தின் பார்வையோ வேறு. இது விளையாட்டா, கேளிக்கையா என்று டெல்லியில் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். கேளிக்கை என்று வைத்தால் கேளிக்கை வரி உண்டு, வண்டிகளும் டயர்களும் உள்ளே வரும்போது சுங்கத் தொல்லை உண்டு. உத்தரப் பிரதேச அரசு கொடுத்த வரி விலக்கை எதிர்த்துப் பொதுநல வழக்கு வந்து, முதல் போட்டிக்குச் சில நாட்கள் முன்னால் டிக்கெட் வசூலில் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2017இல் இன்னொரு தீர்ப்பு: அந்த மூன்று நாள் சர்க்யூட்டே ஃபார்முலா ஒன் கம்பெனியின் நிரந்தரத் தொழிலிடம், ஆகவே அந்த வருமானத்துக்கு இந்தியாவில் வரி உண்டு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு யார் திரும்பி வர யோசிப்பார்கள், சொல்லுங்கள்.

ஐந்து வருட ஒப்பந்தத்தில் மூன்றே போட்டிகள், 2011, 2012, 2013. மூன்றையும் வென்றவர் ஜெர்மன்காரர் வெட்டல். கடைசி வருடம் நான்காவது பட்டத்தை அங்கேதான் உறுதி செய்தார். கிராண்ட்ஸ்டாண்டுக்கு முன்னால் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் புகை கிளப்பி, இறங்கி அதன் முன் மண்டியிட்டுக் கும்பிட்டார். அதற்கு 25,000 யூரோ அபராதம் வேறு. அன்றைக்கு எஃப் ஒன்னை நடத்திக்கொண்டிருந்த எக்லெஸ்டோன் 2014 இல்லை, 2015இல் வருவோம் என்றார். வரவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த டிராக்கைக் கட்டியவர்களின் கண் ரேஸில் இல்லை, சுற்றியிருந்த நிலத்தில் இருந்தது. 1,000 ஹெக்டேர் சிறப்பு மண்டலம், அதற்குள் வீடுகள், கோல்ஃப், விளையாட்டு நகரம். டிராக் என்பது அதற்கான விளம்பரப் பலகை. வீடு விற்றுக்கொண்டிருந்த வரை ரேஸில் விழுந்த நஷ்டம் யார் கண்ணிலும் படவில்லை. கடன் கழுத்தை நெரித்ததும் முதலில் கைவிட்டது இதைத்தான்.

கணக்குப்பிள்ளை:

பச்சைக்கொடி அண்ணா ரேஸ் பக்கத்தைச் சொல்லிவிட்டார். "மேலே யார்" என்ற கேள்விக்கு என் தொழில் பக்கத்திலிருந்து சுருக்கமாக.

இரண்டு கயிறுகள் இருக்கின்றன. ஒன்று நிலம். அது யமுனா எக்ஸ்பிரஸ்வே தொழில் வளர்ச்சி ஆணையம் ஒதுக்கியது. பாக்கி கட்டவில்லை என்று 2020 பிப்ரவரியில் மொத்த ஒதுக்கீட்டையும் ரத்து செய்தார்கள். 2025 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த ரத்து செல்லும் என்றது. அந்த 1,000 ஹெக்டேருக்குள் வீட்டுக்குப் பணம் கட்டிக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வழி செய்யும் பொறுப்பு ஆணையத்தின் தலையில் விழுந்தது. அவர்களுக்கு நடுவில் நாம் ரேஸ் பற்றிப் பேசுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று கம்பெனி. ஜேபி குழுமத்தின் ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் 2024 ஜூனில் திவால் நடைமுறைக்குள் போனது. கடன்காரர்கள் கேட்ட தொகை 57,000 கோடிக்கு மேல். 2025 நவம்பரில் கடன்காரர் குழு தேர்ந்தெடுத்தது அதானி எண்டர்பிரைசஸின் திட்டத்தை, சுமார் 14,500 கோடி. வேதாந்தாவும் போட்டியில் இருந்தது. இந்தப் பொதியில் சிமென்ட், வீட்டுமனை, ஓட்டல் எல்லாம் இருக்கின்றன. டிராக் அதில் ஒரு மூலை, அவ்வளவே. கம்பெனியை வாங்கினாலும் ஆணையத்தோடு பேசி நிலத்தைச் சரி செய்யாமல் டிராக் முழுசாகக் கைக்கு வராது. அதே எக்ஸ்பிரஸ்வேயில் ஜேவர் விமான நிலையம் எழுந்த பிறகு அந்த மண்ணின் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும், நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். வாங்குகிறவருக்கு ரேஸ் ஆசை இருக்கலாம், ஆனால் சதுர அடிக் கணக்கும் கண்முன்னே ஆடும்.

முன்பணம்: ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஏற்பாட்டாளர் பெயரில் இருந்தால் அவரிடம்தான் கேட்க முடியும், சர்க்யூட்டிடம் போய் நிற்க முடியாது. எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் குரல் பதிவில் வேண்டாம்.

கிள்ளான்வாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சிப்பாங் சர்க்யூட்டும் டில்கே வரைந்ததுதான், 1999இல் திறந்தார்கள், கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. 2017இல் எஃப் ஒன்னை விட்டுவிட்டோம், ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே. கட்டணம் ஏறிக்கொண்டே போனது, டிக்கெட் விற்பது குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் சிங்கப்பூர் 2008 முதல் விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி ரேஸ் நடத்தினால் வெளிநாட்டுக்காரன் இங்கே ஏன் வருவான்?

ஆனால் டிராக் சாகவில்லை. மோட்டோ ஜிபி இருக்கிறது. அந்த வாரம் எங்கள் பக்கத்திலிருந்து பையன்கள் மோட்டாரில், அதாவது பைக்கில், கூட்டம் கூட்டமாகப் போவார்கள். எஃப் ஒன்னுக்குக் கோட்டு போட்டவர்கள் வந்தார்கள், மோட்டோ ஜிபிக்கு எங்கள் தாமான், குடியிருப்பே, முழுக்கப் போகும். வீட்டுக்கு வீடு மோட்டார் இருக்கிற நாட்டில் அதுதானே நடக்கும். வருடத் தொடக்கத்தில் உலகக் குழுக்கள் எல்லாம் சோதனை ஓட்டத்துக்கும் வந்துவிடும்.

இந்தியாவிலும் வீட்டுக்கு வீடு பைக் இருக்கிறதே, அங்கே ஏன் மோட்டோ ஜிபி நிற்கவில்லை?

பச்சைக்கொடி (சென்னை):

கிள்ளான் நண்பரே, நல்ல கேள்வி. 2023 செப்டம்பரில் ஒரு தடவை வந்தது. இத்தாலிக்காரர் பெசெக்கி ஜெயித்தார். வெக்கை தாங்காமல் ரேஸையே 24 சுற்றிலிருந்து 21ஆகக் குறைத்தார்கள். ஹோர்ஹே மார்ட்டின் என்ற வீரர், ஓட்டத்தின் நடுவே தோல் உடையின் ஜிப் திறந்துகொண்டும் சமாளித்து ஓட்டி, இரண்டாவதாக முடித்து, உடம்பில் நீர் வற்றிச் சரிந்தார். அதற்கு முன்னால் விசா குளறுபடி, வீரர்கள் விமானத்தைத் தவறவிட்டார்கள். ஏழு வருட ஒப்பந்தம் என்று அறிவித்தது ஒரே போட்டியோடு நின்றது. உங்கள் சிப்பாங் அரசாங்கத்தின் சொத்து. டிராக்கைக் காப்பது யார் வேலை என்று அங்கே சந்தேகமே இல்லை. இங்கே டிராக் ஒருவருடையது, நிலம் இன்னொருவருடையது, போட்டி நடத்துகிறவர் மூன்றாமவர்.

அதற்காக அரசாங்கம் கையில் எடுத்தாலே போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் டிராக்கை மாநில அரசு பொழுதுபோக்குப் பூங்காவாக்கப் போய், அந்த டிராக் கம்பெனி 2012இல் திவாலானது. ரோலர் கோஸ்டர் ஒன்று கட்டினார்கள், அது ஓடியது சில நாட்கள்தான். 2014இல் மொத்தத்தையும் விற்றார்கள். ஆனால் அந்தப் பழைய 20 கிலோமீட்டர் டிராக் இன்றும் ஜேஜே என்று இருக்கிறது. காரணம் எஃப் ஒன் இல்லை. காசு கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியில் ஒரு சுற்று போகலாம். கார் கம்பெனிகள் வருடம் முழுக்கச் சோதனை ஓட்டுகின்றன.

இதைத்தான் நான் இங்கேயும் சொல்ல வருகிறேன். நம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கைக் கட்டியது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், 1990 வாக்கில் சொந்த டிராக்குக்கு வந்தார்கள். எஃப் ஒன் அங்கே வந்ததில்லை, வரவும் வராது. கழிவறை பற்றிக் கேட்காதீர்கள். ஆனால் தேசிய சாம்பியன்ஷிப், பைக் பயிற்சிப் பள்ளி, டயர்க் கம்பெனி சோதனை என்று வாரம் தவறாமல் யாராவது வாடகை கொடுக்கிறார்கள். புத் சர்க்யூட்டுக்கும் அந்தச் சின்னச் சின்ன வாடகை நாட்கள்தான் இத்தனை வருடம் கஞ்சி ஊற்றின. கார் அறிமுக விழாக்களும் உங்களைப் போன்ற டிராக் டே ஆட்களும் இல்லையென்றால் அங்கே எப்போதோ புல் முளைத்திருக்கும்.

எஃப் ஒன் வருமா? உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் முதல் தர உரிமம் மூன்று வருடத்துக்கு மேல் செல்லாது. புதிதாக வாங்க வேண்டும். தடுப்புகள், வளைவோரம் மேடாக இருக்கும் கெர்ப், வடிகால், மருத்துவக் கட்டடம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அந்தக் காலத்திலேயே மாசா என்ற ஓட்டுநரின் ஃபெராரி கெர்ப்பில் ஏறி சஸ்பென்ஷன் முறிந்தது, தகுதிச் சுற்றில் ஒரு தடவை, ரேஸில் இன்னொரு தடவை. இதெல்லாம் செலவு, ஆனால் செய்துவிடலாம். வருடாவருடம் கட்டணத்தைக் கட்டப்போவது யார் என்று ஒருவர் பெயர் சொல்லாத வரை, வருகிறது என்ற செய்தியை நான் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

நொய்டா_மதுரைக்காரன்:

நன்றி அண்ணா, எல்லோருக்கும். ரசீதைப் பார்த்தேன், ஏற்பாட்டாளர் பெயரில்தான் இருக்கிறது. மெயில் அனுப்பிவிட்டேன். புதுத் தேதி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் பணம் திரும்பும் என்றும் எழுதியிருக்கிறார்கள். தேதி நிலைத்தால் அண்ணா, முதல் தடவை ஓட்டுகிறவனுக்கு அந்த டிராக்கில் எங்கே கவனம் வேண்டும்?

பச்சைக்கொடி (சென்னை):

எழுத்தில் வாங்கிவிட்டீர்கள், நல்லது.

மூன்றாம் வளைவு மேட்டில் ஏறும், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் சில சுற்றுகள் அங்கே அடக்கி வாசியுங்கள். பின்பக்க நேர்ப்பாதையில் 390 திணறும், கவலைப்படாதீர்கள், பெரிய பைக்குகள் தாண்டிப் போகட்டும், உங்கள் கோட்டை விட்டு நகராதீர்கள். நீண்டுகொண்டே போகும் பத்தாம் வளைவில்தான் 390க்கு விருந்து. ஓட்டுகிற கோட்டுக்கு வெளியே புழுதி இருக்கும், அங்கே பிரேக் தொடாதீர்கள். மே, ஜூனில் தேதி கொடுத்தால் மறுத்துவிடுங்கள், நவம்பருக்குப் பிறகு பனிமூட்டம் இல்லாத நாளாகக் கேளுங்கள்.

மார்ஷல் போஸ்டில் கொடியோடு நிற்கிற பையன்களுக்கு ஒரு கை காட்டிவிட்டுப் போங்கள் தம்பி. வெயிலில் நாள் முழுக்க நிற்கிறவர்கள்.