மாசி அறுப்பு முடிந்து மலைக்குப் போகணும், ஆளுக்கு 3000 ரூபாய்தான்: எங்கே போகலாம்?

நீடாமங்கலம் மைனர்:

நாங்கள் ஐந்து பேர், பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்தே திரிகிற பசங்க. ஆளுக்கு 3000 ரூபாய், அதற்கு மேல் யாரிடமும் பைசா தேறாது. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கைக்கு வந்துவிட்டால் மூன்று பேருக்கு அப்புறம் கொஞ்ச நாள் வேலை இல்லை. மற்ற இரண்டு பேர் கடையில் லீவு சொல்லிக்கொள்வார்கள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குப் போய், காட்டில் டென்ட் போட்டு ஓர் இரவு தங்கி, நாங்களே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று ஆசை. ஒருத்தன் மணாலி என்கிறான், இன்னொருத்தன் கொடைக்கானலுக்கு வாடகைக் கார் என்கிறான், நான் குரங்கணி பக்கம் சொன்னேன். வாட்ஸ்அப் குழுவில் இதே சண்டைதான். நடந்து பழக்கம் உண்டு, ஆனால் எல்லாம் வரப்பு நடை. நாங்கள் ஏறிய மலை என்று சொன்னால் சுவாமிமலை, 60 படி. சிரிக்காமல் யோசனை சொல்லுங்கள்.

அரசலாறு:

மணாலியை விட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து டெல்லிக்கே ரயிலில் இரண்டு இரவு, அங்கிருந்து இன்னொரு ராத்திரி பஸ், திரும்பி வரவும் அதே கணக்கு. 3000 ரூபாயில் போய்ச் சேரலாம், திரும்பி வர இன்னொரு போகம் விளைய வேண்டும். கொடைக்கானலுக்குக் காரில் போனால் இ-பாஸ் எடுக்கணும், உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அப்படித்தான். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாஸ் எடுப்பது கூடப் பெரிய விஷயம் இல்லை, கார் வாடகையும் டிரைவர் பேட்டாவும் டீசலும் சேர்ந்தால் உங்கள் காசில் பாதி வழியிலேயே போய்விடும், அதைச் சொல்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:

தம்பி, எந்த மலை என்பதை அப்புறம் பேசலாம். மாதத்தைப் பாருங்கள் முதலில். நமக்கு வேலை ஓய்கிற மாதமும் காடு திறந்திருக்கிற மாதமும் பெரும்பாலும் ஒத்துவராது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை. ஆடி, ஆவணியில் மலையெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கும்போது நாம் சேற்றில் நிற்போம். சம்பா நட்டுவிட்டுக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், மேட்டுப்பாளையம் மலை ரயில் பாதையில் மண் சரிந்து ரயிலை நிறுத்தினார்கள் என்று அப்போதுதான் செய்தி வரும். மாசி, பங்குனியில் ஆள் சும்மா இருப்பான், காடு சருகாகக் கிடக்கும்.

நீங்கள் சொன்ன குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவும் மாசிக் கடைசிதான். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று அரசு தனியாக விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்திருக்கிறது, இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள், உங்கள் மாசிக்கு ஆகாது. டென்ட் ஆசையையும் விட்டுவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே வழக்கு, அடுப்பு மூட்டினால் கேட்கவே வேண்டாம்.

சரி, அந்த மாதத்தில் திறந்திருக்கும் மலை எது என்றால் கோவைப் பக்கம் சிவன் கோயில் இருக்கிற வெள்ளியங்கிரி. பிப்ரவரியிலிருந்து மே வரை ஏற விடுவார்கள். மன்னார்குடியிலிருந்து கோவைக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ் இருக்கிறதே, உங்கள் நீடாமங்கலத்திலேயே நிற்கும், இரவு ஏறினால் விடியுமுன் கோவை. ஸ்லீப்பர் டிக்கெட் 200 ரூபாய் சுற்றி வரும். 60 நாள் முன்னால் பதிவு திறக்கும், தேதி முடிவானதும் போட்டுவிடுங்கள். காந்திபுரத்திலிருந்து மலை அடிவாரமான பூண்டிக்கு பஸ். ஏறுவதற்குக் காசு இல்லை. லாட்ஜ் செலவும் இல்லை, ஏனென்றால் வெயிலுக்குப் பயந்து நிறையப் பேர் இரவில்தான் ஏறுகிறார்கள்.

ஏழு மலை, ஒரு வழி ஆறு கிலோமீட்டர் போல வரும். தூரத்தைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், நம் ஊர் தார்ச்சாலை ஆறு கிலோமீட்டர் வேறு. முதல் மலை முழுக்கக் கருங்கல் படி, ஒவ்வொன்றும் ஒரு உயரம், திரும்பிப் போகலாமா என்று பாதிப் பேருக்கு அங்கேதான் தோன்றும். அதைத் தாண்டிவிட்டால் நடை பிடிபட்டுவிடும். அடிவாரத்தில் மூங்கில் கம்பு விற்பார்கள், கட்டாயம் வாங்குங்கள். ஏறும்போது அதன் அருமை தெரியாது, இறங்கும்போது முட்டி நடுங்கும் பாருங்கள், அப்போது அந்தக் கம்புதான் மூன்றாவது கால். மேலே ஆண்டி சுனையில் தண்ணீர் ஐஸாக இருக்கும். ஏழாவது மலையில் காற்று சட்டைக்குள் புகுந்து ஆட்டும், தலைக்கு மப்ளர் இல்லாமல் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு டார்ச் வேண்டும், செல்போன் வெளிச்சத்தை நம்பிப் போனால் பாதி வழியில் சார்ஜ் தீரும். இதய நோய், ஆஸ்துமா, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அரசே சொல்கிறது, மூச்சுத்திணறி இறந்தவர்கள் உண்டு. ஐந்து பேரில் யாருக்காவது அப்படி இருந்தால் கூச்சப்படாமல் இப்போதே சொல்லச் சொல்லுங்கள்.

சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் போகாதீர்கள், கூட்டத்தில் நிற்கத்தான் நேரம் இருக்கும். நடுவில் ஒரு சாதாரண வார நாளாகப் பாருங்கள்.

குடமுருட்டி:

அண்ணன் சொன்னது சரி, ஆனால் சாமி மலை வேண்டாம், சுற்றிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் கொல்லிமலை போங்கள். திருச்சி, நாமக்கல், அங்கிருந்து அரசு பஸ், 70 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிற ஆளை முன்சீட்டில் உட்கார வையுங்கள். ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும், குளித்துவிட்டு அத்தனையும் ஏறணும். மாசியில் தண்ணீர் குறைவாகத்தான் விழும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைய வேண்டுமென்றால் ஆடியில் போகணும், ஆனால் அங்கே வல்வில் ஓரி விழாவும் நம் ஆடிப்பெருக்கும் ஒன்றாக வரும், அன்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் அம்மா என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எந்த மலையானாலும் போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்தலை பக்கம் அய்யர்மலை ஏறிப் பாருங்கள். 1017 படி. அங்கேயே யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரிந்துவிடும். சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் மறுநாளும் தாங்கும். தேங்காய்ச் சட்னி எடுத்துக்கொண்டு போகிற ஆளை ரயிலிலேயே இறக்கிவிடலாம்.

நீடாமங்கலம் மைனர்:

குழுவில் படித்துக் காட்டினேன், மணாலிக்காரன் வாயே திறக்கவில்லை. வெள்ளியங்கிரிதான், பங்குனியில். ஒரே சிக்கல், ஒருத்தனுக்குத் திருவாரூர் ஆழித்தேர் வடம் பிடிக்காமல் இருக்க முடியாதாம், அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட். காசை ஒருத்தனிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாமா, அவரவர் செலவு செய்யலாமா?

வெண்ணாற்றங்கரை:

ஆளுக்கு 1500 முதலிலேயே வாங்கி ஒருத்தனிடம் கொடுங்கள், கணக்கு அவன் பொறுப்பு. மீதியை அவரவர் வைத்துக்கொள்ளட்டும், அவசரத்துக்கு ஆகும். இன்னொன்று, திரும்பும் செம்மொழி கோவையில் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். ஞாயிறு ராத்திரி ஏறப்போகிறீர்கள் என்றால் டிக்கெட்டில் திங்கள் தேதி போடணும்.