வடசென்னையில் இரவிலும் பக்கவாத சிகிச்சை தரும் மருத்துவமனைகள் பற்றி விவரம் தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் பெரம்பூரில் எங்கள் வீட்டில், விடியற்காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் கோணி, பேச்சு குழறியது. பக்கத்திலிருந்த மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே சி.டி. ஸ்கேன் இல்லை என்பதே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்பதை ஸ்கேன் காட்டிய பிறகே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடியும். அதையும் பொதுவாக, அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வேறிடத்தில் அப்பாவுக்கு அந்த ஊசி கிடைத்தது. ஆனாலும் சட்டைப் பொத்தானை இன்னும் அவரால் போட முடியவில்லை.

பெரிய ரத்தக்குழாய் அடைபட்டவர்களுக்குத் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை, காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி மிச்சமிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தால், 24 மணி நேரம் வரைகூடச் சிலருக்குப் பலன் தருகிறது என்று மருத்துவர் விளக்கினார். பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பகுதிகளிலிருந்து விரைவில் சென்றடையக்கூடிய, நள்ளிரவிலும் சி.டி. ஆஞ்சியோவும் (ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் ஸ்கேன்) இந்தச் சிகிச்சையும் செய்யும் அரசு, தனியார் மருத்துவமனைகள் எவை? அங்கே பணிபுரிபவர்களோ நேரில் அனுபவப்பட்டவர்களோ தயவுசெய்து தெரிவியுங்கள். எங்கள் குடியிருப்பில் முதியவர்கள் அதிகம். அந்த விவரத்தை 108 எண்ணுடன் அச்சிட்டு லிஃப்ட் அருகே ஒட்டிவைக்க விரும்புகிறேன்.