விஎம்முக்குள் ஃப்ரீகேட்: மாடலைத் திருப்பினால் படம் திணறுகிறது

பற்சக்கரம்:
வணக்கம். என் லேப்டாப்பில் உபுண்டு 24.04 இருக்கிறது. கேவிஎம்மும் அதை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரும் போட்டு, உள்ளே மெய்நிகர் கணினியாக (விஎம்) ஃபெடோரா லினக்ஸ் ஒன்றை ஓட்டுகிறேன். ஃப்ரீகேட் என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பைச் சோதிக்கத்தான் இந்த ஏற்பாடு. பிழைப்பு நடக்கும் கணினியில் நேராகக் கை வைக்கப் பயம். நிறுவல் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. ஆனால் ஒரு கியர்பாக்ஸ் அசெம்பிளியைத் திறந்து மவுஸால் திருப்பினால் படம் விட்டுவிட்டு நகர்கிறது. அதே ஃபைல் விஎம்முக்கு வெளியே வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. லேப்டாப்பில் இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸ், கூடவே தனி கிராபிக்ஸ் சிப் ஒன்றும் உண்டு. மொத்தம் 16 ஜிபி ரேம். விஎம்முக்கு 4 ஜிபியும் 4 கோரும் கொடுத்திருக்கிறேன். எதை விட்டுவிட்டேன்?

ரேம்ராஜா:
8 ஜிபி கொடுத்துப் பாருங்க ப்ரோ. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

பற்சக்கரம்:
கொடுத்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஃபேன் மட்டும் இன்னும் கத்துகிறது.

திருகாணி:
ரேமை விடுங்கள், அது வேறு கதை. விஎம்முக்குள் டெர்மினலைத் திறந்து ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை '-பி' (பெரிய எழுத்து B) சேர்த்து ஓட்டுங்கள். 'ஓப்பன்ஜிஎல் ரெண்டரர்' என்ற வரியில் என்ன வருகிறது? மாடலைத் திருப்பும்போது சிபியு எவ்வளவு ஏறுகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

பற்சக்கரம்:
'எல்எல்விஎம்பைப்' என்று வருகிறது. திருப்பும்போது நாலு கோரும் 100 சதவீதத்தைத் தொடுகின்றன.

திருகாணி:
பிடிபட்டது. எல்எல்விஎம்பைப் என்பது லினக்ஸின் வரைகலை டிரைவர் தொகுப்பான மீசாவுக்குள் இருக்கும் மென்பொருள் வரைவி. கிராபிக்ஸ் சிப் கண்ணில் படாதபோது, ஒவ்வொரு முக்கோணத்தையும் சிபியுவே கணக்குப் போட்டு வரையும். ஃபோல்டர் திறக்க, பிரவுசர் பார்க்க அது போதும். கியரின் ஒவ்வொரு பல்லும் நூற்றுக்கணக்கான முக்கோணமாக உடையும்போது அதற்கு மூச்சு வாங்கும். உங்கள் ஃபேன் கத்துவதும் அதனால்தான்.

விஎம்மை முழுதாக நிறுத்துங்கள். அமைப்பில் வீடியோ மாடலை 'விர்ட்டியோ' (விஎம்முக்கென்றே உள்ள மெய்நிகர் கார்டு) ஆக்கி, கீழே '3டி ஆக்ஸிலரேஷன்' பெட்டியில் டிக் போடுங்கள். அப்புறம் டிஸ்ப்ளே பகுதியில் ஸ்பைஸ் (விஎம்மின் திரையைக் காட்டும் வழி) அப்படியே இருக்கட்டும். 'ஓப்பன்ஜிஎல்' என்பதற்கும் டிக். இப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் மீசா, ஃப்ரீகேடின் வரைகலைக் கட்டளைகளைத் தானே வரையாமல் மூட்டை கட்டி வெளியே அனுப்பும். வெளியே விர்க்ல்ரெண்டரர் என்ற நூலகம் மூட்டையைப் பிரித்து, மறுபடி ஓப்பன்ஜிஎல் (3டி வரையச் சொல்லும் பொதுவான கட்டளைமுறை) ஆக்கி, உண்மையான சிப்பிடம் கொடுக்கும். ஃபெடோராவில் இதற்கென்று தனி டிரைவர் எதுவும் போட வேண்டாம், ஏற்கெனவே உள்ளது.

பற்சக்கரம்:
அண்ணா, இரண்டு டிக்கும் போட்டேன். இப்போது விஎம் கிளம்பவே மாட்டேன் என்கிறது. ஸ்பைஸின் ஜிஎல் இதே கணினிக்குள் மட்டும்தான், போர்ட்டோடு சேராது என்பது போல ஒரு பிழை வருகிறது.

திருகாணி:
அதைச் சொல்ல மறந்துவிட்டேன், என் தப்பு. அதே டிஸ்ப்ளே பகுதியில் 'லிசன் டைப்' என்று ஒன்று இருக்கும். அதில் 'அட்ரஸ்' என்று இருப்பதை 'நன்' ஆக்குங்கள். படம் இனி நெட்வொர்க் வழியாகப் போகாது, ஒரே கணினிக்குள் கைமாறும். வேறு கணினியிலிருந்து ஸ்பைஸ் வழியாக இந்தத் திரையைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அது போய்விடும், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பற்சக்கரம்:
அந்தப் பழக்கம் இல்லை. மாற்றியதும் விஎம் கிளம்பியது, ஆனால் ஜன்னல் முழுக்கக் கறுப்பு.

திருகாணி:
ஓப்பன்ஜிஎல் டிக்குக்குக் கீழே எந்தச் சிப் வரைய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கிறதல்லவா? அதில் இப்போது எது?

பற்சக்கரம்:
தனி சிப். சக்தி அதிகம் என்று நானேதான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

திருகாணி:
இன்டெலுக்கு மாற்றுங்கள். உங்கள் தனி சிப் மூடிய டிரைவரில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். விர்க்ல் வழிக்கு, அதாவது மேலே சொன்ன மூட்டை கட்டி அனுப்பும் வழிக்கு, மீசா டிரைவர் உள்ள சிப்தான் ஒத்துப்போகும். ஃப்ரீகேடுக்கு இன்டெலே தாராளம்.

பற்சக்கரம்:
வந்துவிட்டது! ரெண்டரர் வரியில் இப்போது 'விர்க்ல்', பக்கத்தில் இன்டெல் பெயர். கியர்பாக்ஸ் சுழல்கிறது. வெளியே இருக்கும் அளவு வேகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேலை பார்க்கலாம். ஃபேனும் அடங்கிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா. இன்னொரு சந்தேகம்: விண்டோஸ் விஎம்முக்கும் இதே டிக் போதுமா? வாடிக்கையாளர் ஒருவர் விண்டோஸில் மட்டும் திறக்கும் ஃபைலைத்தான் அனுப்புகிறார்.

திருகாணி:
போதாது. விர்ட்டியோவுக்கு விண்டோஸில் திரை காட்டும் டிரைவர் உண்டு. நம்பி வேலை பார்க்கும்படியான 3டி டிரைவர் இல்லை. விஎஃப்ஐஓ என்ற லினக்ஸ் வசதி மூலம் தனி சிப்பையே விஎம்முக்குத் தாரை வார்க்கலாம். அதற்கு பயாஸில் விடி-டி (சாதனத்தை விஎம்முக்கு ஒப்படைக்க உதவும் இன்டெல் வசதி) இருக்க வேண்டும், அந்தச் சிப் இருக்கும் ஐஓஎம்எம்யு குழுவில் (தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியாத சாதனங்கள்) உள்ளது எல்லாம் சேர்ந்து போக வேண்டும், விஎம்மிடம் இருக்கும்வரை உபுண்டுவுக்கு அந்தச் சிப் கிடையாது. டெஸ்க்டாப்பில் செய்யலாம். லேப்டாப்பில் பல மாடல்களில் தனி சிப்புக்குத் திரையோடு நேரடி இணைப்பே இருக்காது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நானாக இருந்தால் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் போட்டுவிடுவேன். விண்டோஸ் விஎம்முக்கு, விண்டோஸின் 3டி முறையான டைரக்ட்எக்ஸ் 11 வரை தருகிறது, 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம்.

கோணமானி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். விர்க்லில் வல்கன் (ஓப்பன்ஜிஎல் போன்ற இன்னொரு வரைகலை முறை) வருமா?

திருகாணி:
விர்க்ல் ஓப்பன்ஜிஎல்லுக்கு மட்டும். வல்கனுக்கு வீனஸ் என்று வேறு வழி இருக்கிறது, கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மை ஓட்டும் கியூஇஎம்யுவின் 9.2 பதிப்பில்தான் சேர்ந்தது. உபுண்டு 24.04-இல் வருவது 8.2.

ரேம்ராஜா:
சும்மா என் விஎம்மிலும் அந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். எல்எல்விஎம்பைப். இத்தனை நாளும் 8 ஜிபியால்தான் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.