நீட்டுக்கு ஆறு வாரம்தான்: இயற்பியலா, வேதியியலா?

வணக்கம். தம்பி இந்த வருஷம் தமிழ் வழியில் நீட் எழுதுகிறான். உயிரியல் பயமில்லை. இயற்பியலும் வேதியியலும்தான் இழுபறி. இரண்டுக்கும் தலா 45 கேள்வி, 180 மதிப்பெண் என்பதால் எதை முதலில் பிடிப்பது என்று குழப்பம்.

இயற்பியலில் சூத்திரம் தெரிந்தும் கணக்குப் போடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. அவசரத்தில் தப்பாகக் குறித்து, தப்புக்கு ஒரு மார்க் வீதம் இழக்கிறான். கனிம வேதியியல் என்றால் என்சிஇஆர்டி புத்தகத்தை வரிவரியாகப் படித்தாலே கை கொடுக்கும் என்று எனக்குப் படுகிறது. அவனோ இயற்பியலில் வரும் இயக்கவியலைக் கைவிட மனசில்லாமல் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறான். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

எழுதி முடித்த அக்கா, அண்ணன்கள் யாராவது இருந்தால், கடைசி வாரங்களில் இயற்பியலில் எந்தப் பாடங்களைத் துணிந்து விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.