"இது என் வண்டி மாதிரியே இல்லையே தம்பி": கார் படம் எடுத்த அனுபவங்கள்

கிட்லென்ஸ்காரன், அடையாறு

மூன்று மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் கீழ் வீட்டு மாமாவிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பழைய கார் ஒன்று இருந்தது. அவருடைய அப்பா வண்டலூர் பக்கத்து ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது வாங்கியது. மாமா மகனோடு இருக்க வெளிநாடு போகிறார். வண்டியை விற்றாயிற்று, வாங்கியவர் மதியம் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. "கடைசியா நாலு போட்டோ எடுத்துக் குடு தம்பி" என்றார்.

காலை ஆறு மணிக்கு எலியட்ஸ் பீச் போனோம். அந்த வண்டியின் பானட் தனியாகத் திறக்காது; மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகக் கவிழும். வாக்கிங் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள், மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என்னிடம் இருந்தது கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 எம்எம் கிட் லென்ஸ்; 18 அகலமாகக் காட்டும், 55 கிட்டே இழுத்துக் காட்டும். கம்பீரமாகத் தெரியட்டும் என்று 18-இல் வைத்து, முன்விளக்குக்கு ஒரு கை தூரத்தில் குந்தி உட்கார்ந்து எடுத்துத் தள்ளினேன். கேமரா திரையில் பார்க்க அமர்க்களமாக இருந்தது.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டேன். பக்கத்து விளக்கு பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளையின் கன்னம் மாதிரி உப்பியிருந்தது, டிக்கி எங்கோ தூரத்தில் சுருங்கிக் கிடந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இது என் வண்டி மாதிரியே இல்லையே தம்பி" என்றார். திரும்பப் போய் எடுக்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கீழே ஹாரன் சத்தம்.

இன்னும் கிட்டே இழுத்துக் காட்டும் 85 எம்எம் லென்ஸ் வாங்கலாமா, 70-200 ஜூம் லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலுமிச்சம்பழம்

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் வாங்கிய புதிது. எஃப் எண் சிறிதானால் லென்ஸ் துளை பெரிது, ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் மங்கும். பின்னணி கரைந்து வருவதைப் பார்த்துப் பார்த்து மயங்கிக் கிடந்த காலம். நண்பன் புது கார் டெலிவரி எடுக்கிறான், நான்தான் போட்டோகிராபர். மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றியாயிற்று. அவன் அம்மா முழங்கால் வலியோடு மெதுவாகக் குனிந்து பானட்டில் மஞ்சள் வைத்து, அதன் மேல் குங்குமம் இட்டார். நான் 1.8-இலேயே, விளக்கில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன்.

விளக்கின் உள்ளே இருக்கும் கோடுகூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம். அதற்குப் பின்னால் எல்லாம் புகை. நண்பன் "சூப்பர்டா" என்று அன்றைக்கே ஸ்டேட்டஸ் வைத்தான். அம்மா போனை வாங்கி, கண்ணருகே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கப்பா இருக்கேன்?" என்றார். குங்குமம் வைக்கும் விரல் வெறும் சிவப்புத் தீற்றலாக இருந்தது. வேறு படமும் இல்லை.

பழைய ஃபிலிம்

முதலில் எழுதிய தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். லென்ஸ் வாங்கினால் இது தீராது. விளக்கு வீங்கியது 18 எம்எம்மால் இல்லை, நீங்கள் ஒட்டி உட்கார்ந்ததால். விளக்கு உங்களிடமிருந்து இரண்டடி, டிக்கி பதினைந்தடி. ஏழு மடங்கு வித்தியாசம் இருந்தால் ஏழு மடங்காகத்தான் தெரியும். முப்பதடி பின்னால் நின்றால் இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றரைகூட இல்லை. வண்டி வண்டியாகத் தெரியும். லென்ஸின் வேலை, அங்கே நின்றபடி சட்டத்தை எவ்வளவு இறுக்குவது என்பது மட்டும்தான்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஹெரால்ட் நான்கு மீட்டர்கூட நீளமில்லை. உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சார் ஃபிலிம் அளவைவிடச் சிறியது என்று வைத்துக்கொள்வோம். அதனால் சட்டம் இறுகும், கேனன் என்றால் லென்ஸ் எண்ணை 1.6-ஆல் பெருக்க வேண்டும். 18 எம்எம் என்பது 29 ஆகிறது. மூன்றே கால் மீட்டரிலேயே பக்கவாட்டில் முழு வண்டியும் அடங்கிவிடும். அதனால்தான் கிட்டே போகத் தோன்றுகிறது. அதே கிட் லென்ஸை 55-க்குத் திருப்பியிருந்தால் 88. வண்டி அடங்க எப்படியும் பத்து மீட்டர் நடந்தாக வேண்டும். அதாவது நீங்கள் கேட்கும் 85 அப்போதே உங்கள் கையில் இருந்தது. பின்னால் இடம் இருந்ததா, இல்லையா?

எலுமிச்சம்பழத்துக்கு: விழாவில் 1.8 வேண்டாம். எஃப் 5.6 அல்லது 8, வெளிச்சம் குறைந்தால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், படத்தில் பொடிப் புள்ளிகள் வந்தால் வரட்டும். ஃபோகஸ் ஆளின் மேல், வண்டியின் மேல் இல்லை.

என் கதையா? ஒரு காலத்தில் சோழவரம், இருங்காட்டுக்கோட்டை என்று கார் ரேஸுக்கு ஃபிலிம் கேமராவோடு அலைந்தவன். ஒரு ரோலுக்கு 36 படம். கார் பக்கத்தில் வருகிற கணம் பார்த்து ரோல் தீர்ந்துவிடும். அவ்வளவுதான்.

மஞ்சச்சட்டை

ஐயா சொல்வது பீச்சில் சரி. நான் பழைய கார் கன்சல்டிங் ஒன்றில் விளம்பரத்துக்குப் படம் எடுக்கிறேன். கதவைத் திறந்து இறங்க முடியாத அளவுக்கு வண்டிகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். பத்து மீட்டர் பின்னால் போனால் பக்கத்துக் கடைக்குள் நின்று இட்லி சாப்பிட வேண்டியதுதான். எங்களுக்கெல்லாம் அகலமாகக் காட்டும் வைடு லென்ஸ்தான் கதி. 24-க்குக் கீழே இறங்காமல், கேமராவை இடுப்பு உயரத்தில் சாய்க்காமல் பிடித்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு கறுப்பு செடான், மெழுகு போட்டுப் பளபளப்பாக நிறுத்தியிருந்தார்கள். பதினைந்து படம் எடுத்துப் போட்டேன். ஒரு வாடிக்கையாளர் போன் செய்து விலை கேட்கவில்லை, கிலோமீட்டர் கேட்கவில்லை. "கதவுல மஞ்சச் சட்டை போட்டுக் குந்தியிருக்கிறது யாரு?" என்றார். பதினைந்திலும் நான் இருந்தேன்!

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டிச் சுழற்றும் சிபிஎல் ஃபில்டர் வாங்கினேன். சுழற்றச் சுழற்ற பெயின்ட் மேல் இருக்கிற வானத்தின் வெள்ளை விலகி, அடியில் உள்ள நிறம் எழும்பி வருவது பார்க்க அருமை. ஆனால் கதவில் சரி செய்தால் பானட்டில் மிஞ்சும், பானட்டில் சரி செய்தால் கண்ணாடியில் மிஞ்சும். பிரதிபலிப்பு ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் அடங்கும். நேரே எதிரில் நின்றால் சட்டை அப்படியே இருக்கும். பின்கண்ணாடியில் புள்ளி புள்ளியாக வானவில் வேறு வரும், அது கண்ணாடியைச் சூடாக்கிக் கெட்டிப்படுத்துவதால் வருவது, ஃபில்டர் கோளாறு இல்லை. ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சமும் போகும், ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம். இப்போது வேலைக்குக் கறுப்புச் சட்டைதான். வீட்டில் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேனா என்று கேட்கிறார்கள்.

ஏசி காற்று

முட்டுக்காடு, சூரிய உதயம், மாமா பையனின் ஜீப், வாடகைக்கு எடுத்த 70-200. ஈசிஆர் முழுக்க ஏசி போட்டுக்கொண்டு போனோம். இறங்கிப் பையைத் திறந்ததும் லென்ஸ் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிட்டது. துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. வேட்டி நுனியால் துடைத்த வெட்கக்கேட்டை எங்கே சொல்ல. தெளிந்தபோது சூரியன் பனைமரத்துக்கு மேலே போயிருந்தது. அப்புறம் எடுத்ததில் தார் ரோட்டுக் கானல் நெளிந்து ஜீப்பே தண்ணீருக்குள் நிற்பது மாதிரி வந்தது. ஒன்றரைக் கிலோ லென்ஸ், டெபாசிட் வேறு.

தீவுத்திடல்

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு கார் ரேஸுக்குப் போயிருந்தேன். மூன்றரைக் கிலோமீட்டர் சுற்று, நாம் தினம் பைக்கில் போகும் அதே ரோடு. என் 55-250 ஜூம் லென்ஸை வைத்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு (1/1000) ஷட்டர் வேகத்தில் எடுத்தேன். கார் ரோட்டில் பார்க்கிங் போட்டது மாதிரி நின்றது, சக்கரம்கூடச் சுழலவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஷட்டரை 1/60-க்கு இறக்கு. கார் போற பக்கமா கேமராவைத் திருப்பிக்கிட்டே எடு. கையைத் திருப்பாதே, இடுப்பைத் திருப்பு. அமுக்கின பிறகும் திருப்பிக்கிட்டே இரு" என்றார். நானூறு படம் குப்பை. ஒன்றில் கதவில் எழுதியிருந்த எண் தெளிவாக, மற்றதெல்லாம் வெளிச்சக் கோடாக வந்தது. நன்றி சொல்லத் திரும்பினேன், ஆள் இல்லை. பழைய ஃபிலிம் ஐயா, நீங்களா அது?

பழைய ஃபிலிம்

நான் இல்லை. எனக்கு இடுப்பு திரும்பாது. ஏசி காற்று தம்பிக்கு: இடத்தை அடைய அரை மணி இருக்கும்போதே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள், பை மூடியே இருக்கட்டும். வீட்டில் லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கிட்லென்ஸ்காரன்

இடம் இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பின்னால் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் வரைக்கும் காலி ரோடு. எழுந்து நடக்கத் தோன்றவில்லை.

வாங்கியவரின் நம்பர் மாமாவிடம் இருந்தது. பேசினேன், காஞ்சிபுரத்தில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். வண்டி நிற்கும் சந்து எட்டடிதானாம். தெருமுனைக்குக் கொண்டுவந்தால் மைதானம் இருக்கிறது. ஆனால் இன்ஜினைக் கழற்றி வைத்திருக்கிறார், தள்ளித்தான் போக வேண்டும்.

மஞ்சச்சட்டை

எத்தனை மணிக்கு?