ஆய்வகத்துக்கு வெளியே வந்து பேச வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளை, அதாவது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் வாழும் சிறு புடைப்புகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். போன மாதம் எங்கள் துறையைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு முடிச்சை பிளேடால் கீறிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. “இது ரத்தமாக்கா?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம்தான் அந்த நிறத்துக்குக் காரணம், நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான் என்றேன். அவள் கண்கள் விரிந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. இதைத் தொடர்ந்து செய்ய ஆசையாக இருக்கிறது.

குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி தெரியும். ஒரே ஸ்லைடு, மூன்று நிமிடம். நல்ல பயிற்சிதான், ஆனால் கேட்பவர்களோடு உரையாட அதில் இடமில்லை. எனக்கு அவர்களுடைய கேள்விகள்தான் வேண்டும். 2011இல் தொடங்கிய சோப்பாக்ஸ் சயின்ஸில் பெண் விஞ்ஞானிகள் தெருவிலேயே பெட்டி மேல் நின்று பேசுகிறார்கள். அந்த நெருக்கம் பிடித்திருக்கிறது.

இப்படி ஏதாவது செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: முதல் முறை எங்கே தொடங்கினீர்கள்? பள்ளியா, நூலகமா, சந்தையா? நுண்ணோக்கியை வெளியே கொண்டுபோகத் துறையில் எப்படி அனுமதி வாங்கினீர்கள்? அப்புறம், இன்னும் வெளியிடாத முடிவுகளை எந்த அளவுக்குப் பேசலாம்? வழிகாட்டியிடம் அடுத்த வாரம் பேசப் போகிறேன், அதற்குள் உங்கள் அனுபவம் கிடைத்தால் பெரிய உதவி.